செக்கரம்மாவும் அறுபத்தொரு மதிப்பெண்ணும்

செக்கரம்மா பேருந்தில் ஏறினால் முதலில் டிக்கெட்டைப் பார்க்க மாட்டாள். கையைப் பார்ப்பாள். டிக்கெட் எடுத்தவன் கை, கேட்பதற்கு முன்பே சட்டைப்பைக்குப் போய்விடும். எடுக்காதவன் கைதான் என்ன செய்வதென்று தெரியாமல் மடியில் கிடந்து முழிக்கும். பத்தொன்பது வருடமாகப் பேருந்துதான் அவள் பிழைப்பு. முதல் ஆறு வருடம் கண்டக்டர், அப்புறம் பதின்மூன்று வருடம் செக்கர். முன்வாசலில் அவள் ஏறினால் பின்வாசலில் நெட்டை ஏறுவார். நெட்டை என்பது அவளோடு வேலை செய்யும் இன்னொரு செக்கர். கூரைக்குத் தலையைக் குனிந்து குனிந்தே கூனல் விழுந்தவர். இரண்டு பக்கமும் வாசலை அடைத்துக்கொண்டு வந்தால் நடுவில் இருக்கிறவன் எங்கே போவான்?

டிக்கெட் எடுக்காதவர்களை அவள் நாலு ரகமாகப் பிரித்து வைத்திருந்தாள். ஒருவன் தூங்குவான். போன நிறுத்தம் வரைக்கும் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு வந்தவன், செக்கரின் தொப்பியைக் கண்டதும் கும்பகர்ணனுக்குத் தம்பி ஆகிவிடுவான். ஒருவன் பேசுவான்: நல்லா இருக்கீங்களா மேடம், வெயில் என்ன இப்படி அடிக்குது மேடம் என்று நூல் விடுவான். ஒருவன் தேடுவான். இருக்கிற பை, இல்லாத பை எல்லாவற்றிலும் தேடுவான். இந்த மூன்று பேரிடமும் அவளுக்குக் கொஞ்சம் இரக்கம் உண்டு. நாலாவது ஆள் கோபப்படுகிறவன். "என்னைப் பார்த்தா டிக்கெட் எடுக்காதவன் மாதிரியா தெரியுது?" என்பான். அவனிடம்தான் அவளுக்கு இரக்கமே கிடையாது. மடியில் கனம் இல்லாதவனுக்கு வழியில் என்ன பயம், அதுவும் என்ன கோபம்?

"தப்பு பண்ணலன்னா ஏன் சார் கோவப்படுறீங்க? காட்டிட்டுப் போயிட்டே இருங்க." இதை அவள் எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்பாள் என்பதற்குக் கணக்கில்லை.

இன்னும் இரண்டு கட்டுப்பாடுகளும் வைத்திருந்தாள். சந்தேகம் வந்த உடனே கேட்கக் கூடாது. இரண்டு நிறுத்தம் விட்டுப் பிடிக்க வேண்டும். அதற்குள் ஆள் தானே ஆட்டம் கண்டுவிடுவான். அடுத்தது, எவன் பைக்குள்ளும் கை விடக் கூடாது. அவன் பையை அவனே திறக்க வேண்டும்.

இப்படிப்பட்டவள் சீருடையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டால் வேறு ஆளாகிவிடுவாளா? ஆக மாட்டாள். பால் பொங்கினாலும் யார் அடுப்பைக் கூட்டி வைத்தது என்று விசாரணை நடக்கும். சாவி செய்கிற கடைக்கு மேலே இரண்டு அறை, ஒரு சமையல்கட்டு. அதில் அவள், அவள் புருஷன், ஒரே மகள். புருஷன் எதிர்ச் சாரியில் உள்ள ரொட்டி அடுமனையில் மாவு பிசைகிறவர். ரொட்டிக்காரர் என்றால்தான் தெருவில் தெரியும். கோபம் என்பது என்ன நிறம் என்று கேட்கிற மனுஷன். மகளுக்கு வீட்டில் எறும்பு என்று பெயர். சின்ன வயதில் தன்னைவிடப் பெரிய பொருளைத் தூக்கிக்கொண்டு நடப்பாள். அதனால் வந்த பெயர் அது. இப்போது பதினேழு முடிந்தும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

எறும்புக்குப் பள்ளிப்படிப்பு முடிந்துவிட்டது. ஆசைப்பட்டது ஒரே ஒரு கல்லூரிக்கு. மொத்தமே தொண்ணூறு இடம். பொது நுழைவுத் தேர்வில் இருநூறு கேள்வி, கேள்விக்கு ஒரு மதிப்பெண். போன வருடம் நூற்றெழுபதுக்குக் கீழே எடுத்த ஒருவரையும் அந்தக் கல்லூரி வாசல்படி ஏற்றவில்லை. எறும்பு முதல் தடவை எழுதி நூற்றுப் பதினேழு வாங்கினாள். வருடத்துக்கு இரண்டு வாய்ப்பு என்பதால் நாலு மாதம் கழித்து மறுபடி எழுதினாள். அந்த முடிவு எப்போது வரும் என்பதுதான் வீட்டில் பேச்சு.

ஒரு புதன்கிழமை. ஆறாம் எண் பேருந்தில் டியூஷன் பையோடு இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். செக்கரம்மா டிக்கெட்டைக் கிழித்துக் கொடுக்கும்போது காதில் விழுந்தது.

"காலைல ஒம்பது மணிக்கே வந்துருச்சுடி."

"எனக்கு நூத்தி நாப்பத்தி ரெண்டு. எங்கப்பா இன்னும் சாப்பிடவே இல்ல."

செக்கரம்மா அடுத்த டிக்கெட்டை இரண்டு தடவை கிழித்தாள். மூன்று மணிக்கு வீட்டுக்குப் போனாள். எறும்பு பாயில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். இது ஒன்றும் புதிதில்லை. நாலு மாதமாக அவள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் மகள் தூக்கம்தான். 'பரீட்சையை வைத்துக்கொண்டு எவளாவது மத்தியானம் குறட்டை விடுவாளா?' என்று அவள் மனசுக்குள் புகைந்துகொண்டே இருந்தாள். ஆனால் அன்றைக்கு அவள் பார்த்தது இமையை. மூடிய இமைக்குள் கருவிழி அசைந்தது. ரகம் ஒன்று.

"ரிசல்ட் வந்துச்சா?" என்றாள், தண்ணீர் குடித்துக்கொண்டே, சும்மா கேட்கிற மாதிரி.

எறும்பு கண்ணைத் திறந்தாள். "இன்னும் வரலம்மா. வெளில வெயில் ரொம்பவா? கால் வலிக்குதா? டீ போட்டுத் தரட்டுமா? காலைக் கொண்டா, அமுக்கி விடுறேன்."

ரகம் இரண்டு.

இரண்டு நிறுத்தம் விட்டுப் பிடி. செக்கரம்மா வாயை மூடிக்கொண்டு டீயைக் குடித்தாள். அடுத்த நாள் மகள் போனை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போவதைப் பார்த்தாள். தந்தை அடுமனையிலிருந்து வந்ததும் இரண்டு பேரும் சமையல்கட்டில் நின்று குசுகுசுவென்று பேசுவதையும், இவள் தலை தெரிந்ததும் "உப்பு எங்க இருக்கு?" என்று பேச்சு மாறுவதையும் பார்த்தாள். உப்பு அவர் மூக்குக்கு நேரே இருந்தது. பாஸ்போர்ட் சைஸ் போட்டோ வைத்திருந்த டப்பா திறந்து கிடந்ததையும் பார்த்தாள். கல்லூரி விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி மாதம் இருபத்தெட்டு. இன்றைக்கு ஒன்பது. கூட்டிக் கழித்தால் ஒன்றுதான் வந்தது. மதிப்பெண் குறைந்துபோச்சு. வேறு ஏதோ ஒரு கல்லூரிக்கு இரண்டு பேருமாகச் சேர்ந்து போட்டோ ஒட்டுகிறார்கள்.

வெள்ளிக்கிழமை வேலையில் அவளுக்கு எரிச்சல். நெட்டையோடு ஏற்கெனவே பேச்சுவார்த்தை இல்லை. அது ஒரு பென்சில் சமாச்சாரம். செக்கர்களுக்கு டிப்போவில் கொடுக்கும் சிவப்புப் பென்சில் ஒன்று, வருடத்துக்கு ஒன்றுதான் தருவார்கள். கண்டக்டர் எழுதிய டிரிப் ஷீட்டில் தப்பு இருந்தால் அதில்தான் சுழிக்க வேண்டும். அது இரண்டு மாதத்துக்கு முன்னால் காணாமல் போனது. "என் பென்சிலப் பாத்தீங்களா?" என்று நெட்டையிடம் கேட்டாள். கேட்ட விதம் அப்படி. அவர் முகம் சிவந்துபோய், "என்னம்மா, முப்பது வருஷ சர்வீஸ், உன் பென்சிலத் திருடித்தான் நான் கோட்டை கட்டப் போறனா?" என்று கத்திவிட்டார். கத்தினாரா, முடிந்தது தீர்ப்பு. ரகம் நாலு. அன்றிலிருந்து அவருக்கும் அவளுக்கும் பேருந்தின் நீளம் இடைவெளி.

வெள்ளி மாலை ரொட்டிக்காரர் பாலுக்குப் போயிருந்தார். செக்கரம்மா மகள் எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

"பையத் திற."

"எந்தப் பை?"

"எறும்பு. ரெண்டு நாளா நான் கேக்காம இருந்தேன். இப்பக் கேக்குறேன்."

எறும்பு அம்மாவை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு எழுந்து, தோள் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்துக் கொடுத்தாள். தேர்வு வாரியத்தின் கடிதம். பிரவுசிங் சென்டரில் அச்செடுத்தது. செக்கரம்மா எண்ணைத்தான் முதலில் தேடினாள். நூற்று எழுபத்தெட்டு.

இன்னொரு தடவை பார்த்தாள். நூற்று எழுபத்தெட்டுதான். சந்தோஷம் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. அதற்குள் கீழே உள்ள வரிகளுக்குக் கண் போய்விட்டது. 'நிறுத்திவைக்கப்பட்டது' என்று தடித்த எழுத்தில் இருந்தது. நாலு மாதத்தில் அறுபத்தொரு மதிப்பெண் உயர்ந்திருப்பது வழக்கத்துக்கு மாறானது என்பதால் தேர்வர் வாரிய அலுவலகத்துக்கு நேரில் வந்து, கண்காணிப்பாளர் முன்னிலையில் தனியாக வேறொரு தாளை எழுத வேண்டும். இந்த நூற்று எழுபத்தெட்டிலிருந்து பதினைந்துக்கு மேல் குறையாமல் எடுத்தால் இந்த மதிப்பெண்ணே நிற்கும். அதற்கும் கீழே போனாலோ, வராமல் போனாலோ இரண்டு வருடத்துக்குத் தேர்வே எழுத முடியாது. பெற்றோர் கையெழுத்து வேண்டும்.

கையெழுத்து ஏற்கெனவே போட்டிருந்தது. மாவு உருட்டுகிற மாதிரி உருட்டி உருட்டிப் போட்ட ரொட்டிக்காரர் கையெழுத்து. புதன்கிழமைத் தேதி.

இந்த இடத்தில் ஒரு தாய் என்ன கேட்க வேண்டும்? பயமா இருக்கா கண்ணு என்று கேட்கலாம். எப்போ போகணும் என்று கேட்கலாம். பத்தொன்பது வருடப் பழக்கம் விடுமா? செக்கரம்மா வாயில் வந்தது இதுதான்.

"பரீட்சைல உன் பக்கத்துல யாரு உக்காந்திருந்தா?"

எறும்பு அந்தக் காகிதத்தை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். மெதுவாகத்தான் வாங்கினாள். ஆனால் குரல் மட்டும் உடைந்த சீசா மாதிரி இருந்தது.

"இதுக்குத்தான் உங்கிட்ட சொல்லல. அப்பா லெட்டரப் படிச்சுட்டு 'திங்கக்கெழம எத்தன மணிக்கு'ன்னு கேட்டாரு. நீ டிக்கெட் கேக்குற."

"ஏண்டி, ஒரு வார்த்த கேக்கக் கூடாதா? காப்பி அடிக்கலன்னா அடிக்கலன்னு சொல்லிட்டுப் போ. எதுக்குக் கோவப்படுற?"

"அடிக்கலன்னு சொன்னா நம்புவியா?"

எப்படி நம்புவாள் செக்கரம்மா? நாலு மாதம், நாள் தவறாமல், மத்தியானம் மூன்று மணிக்குத் தூங்கிக்கொண்டிருந்த பிள்ளை இவள். தூங்குகிறவள் அறுபத்தொன்று ஏற்றுவாளா? பாயிலிருந்தா ஏறும் மதிப்பெண்? பெற்ற பிள்ளை என்பதற்காகக் கண்ணை மூடிக்கொள்ள அவளால் முடியாது. தன் அக்கா டிக்கெட் எடுக்காமல் வந்தபோது அவளையே இறக்கி விட்டவள் அவள். அந்த அக்கா ஏழு வருடம் இந்த வீட்டுப் படி மிதிக்கவில்லை.

பாலோடு வந்த ரொட்டிக்காரர் இரண்டு முகத்தையும் பார்த்தார். நடந்தது தெரிந்துவிட்டது.

"கேட்டுட்டியா?"

"நீங்க மட்டும் எப்படிங்க கேக்காம கையெழுத்துப் போட்டீங்க? அறுபத்தொண்ணு எப்படி ஏறும்னு உங்களுக்குத் தோணவே இல்லயா?"

"எனக்கு ஏன் தோணணும்? என் முன்னாலதான படிச்சா."

"எங்க படிச்சா? அவ தூங்கித்தான் நான் பாத்திருக்கேன்."

"நீ மத்தியானம் பாக்குற. அவ விடிகாலைல அஞ்சு மணிக்கு அடுமனைக்கு வந்துருவா. மாவு மூட்டை மேல ஏறி உக்காந்தா பதினொரு மணிக்குத்தான் எறங்குவா. அடுப்பு கதகதன்னு இருக்கும், பேச்சுக் குடுக்க ஆளும் இல்ல. நாலரைக்கே நீ மொதப் பஸ்ஸுக்குப் போயிடுற. உன் லீவு நாள்ல மட்டும் அவ வர மாட்டா. உனக்குத் தெரியும்னு நெனச்சேன்."

"யாரு சொன்னா எனக்கு?"

"அவ மேல மாவு வாசன வரல?"

"உங்க மேலயும்தான் வருது. இந்த வீடே ரொட்டி மாதிரிதான் நாறுது."

ரொட்டிக்காரர் சிரித்தார். செக்கரம்மா சிரிக்கவில்லை. அவர் மகளுக்காக எந்தப் பொய்யும் சொல்லக் கூடியவர். எறும்பு நாலு வயதில் ஜாடியை உடைத்தபோது நான்தான் உடைத்தேன் என்று நின்ற ஆள். அவர் சாட்சி எந்தக் கோர்ட்டில் செல்லும்?

மறுநாள் சனிக்கிழமை அவளுக்கு வார விடுமுறை. எறும்பு விடியற்காலையிலேயே கிளம்பிப் போய்விட்டாள். அம்மாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பத்து மணி வாக்கில் செக்கரம்மா தெருவைத் தாண்டி அடுமனைக்குப் போனாள். பின்கட்டில் மாவு மூட்டைகள் கூரை முட்ட அடுக்கியிருந்தன. எறும்பு மூன்றாவது வரிசை மேலே சம்மணம் போட்டு உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள். அம்மாவைப் பார்த்தாள். எழுதுவதை நிறுத்தவில்லை.

மூட்டைக்குப் பக்கத்தில் ஒரு கட்டுக் காகிதம். செக்கரம்மாவுக்கு அதை அடையாளம் தெரிந்தது. பழைய டிரிப் ஷீட்டுகள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் எத்தனை பேர் ஏறினார்கள், எத்தனை பேர் இறங்கினார்கள், மீதி எத்தனை பேர் என்று கண்டக்டர் எழுத வேண்டிய தாள். புது அச்சுத் தாள் வந்தபோது டிப்போவில் எழுதாத பழைய கட்டுகளை வெளியே எறிந்தார்கள். கிறுக்க உதவும் என்று அவள்தான் மூன்று கட்டு தூக்கி வந்தாள்.

"பாக்கட்டுமா?" என்றாள். பைக்குள் கை விடக் கூடாது என்பது இன்னும் அவளுக்கு நினைவில் இருந்தது.

"பாரு. அதுக்குத்தான வந்த?"

செக்கரம்மா ஒரு காலி ரொட்டித் தட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். முதல் தாளை எடுத்தாள். எறும்பு பின்பக்கத்தில் கிறுக்கியிருப்பாள் என்றுதான் நினைத்திருந்தாள். ஆனால் அவள் தாளைத் தாளாகவே நிரப்பியிருந்தாள். புறப்பட்ட நேரம் ஐந்து பத்து. சேர்ந்த நேரம் எட்டு இருபது. ஏறியோர் இருநூறு: அது கேள்விகள். இறங்கியோர் எண்பத்து மூன்று: அது தப்பானவை. மீதி நூற்றுப் பதினேழு. அடியில் கண்டக்டர் கையெழுத்து என்ற இடத்தில் எறும்பின் கையெழுத்து. செக்கர் கையெழுத்து என்ற இடம் காலியாக இருந்தது.

அவளையும் மீறிச் சிரிப்பு வந்தது. உடனே அடக்கிக்கொண்டாள். தாள் என்ன, யார் வேண்டுமானாலும் எழுதலாம். பொய் டிரிப் ஷீட்டுகளைப் பார்த்தே தலை நரைத்தவள் அவள். கண்டக்டர் ஒருவன் சோம்பேறித்தனமாகப் பத்து நாள் தாளை ஒரே மூச்சில் உட்கார்ந்து எழுதினால் அவளுக்கு ஒரு பார்வையில் தெரிந்துவிடும். ஒரே பேனா, ஒரே அழுத்தம், ஒரு கறை இருக்காது, கல்யாணப் பத்திரிகை மாதிரி சுத்தமாக இருக்கும். நிஜமாக ஓடிய பேருந்தின் தாளில் வேர்வை இருக்கும், பிரேக் அடித்த இடத்தில் எழுத்து சறுக்கியிருக்கும்.

ஒவ்வொன்றாகத் திருப்பினாள். நீலப் பேனா. அது தீர்ந்துபோய் பாதி வரியில் கறுப்பு. மூன்று தாள் பென்சில். ஒன்றில் எண்ணெய்க் கறை, ஒன்றில் ரொட்டிக்காரரின் கட்டை விரல் ரேகை மாவோடு அப்படியே. மடிப்புகளில் மாவு. இறங்கியோர் எழுபத்தொன்பது, எழுபத்து நாலு, மறுபடி எண்பது, அறுபத்தாறு. ஏறுவதும் இறங்குவதுமாகத்தான் போனது. ஒரு தாளில் மீதி நூற்று எழுபது என்று எழுதி, அதை அடித்து, நூற்று அறுபத்தொன்று என்று திருத்தியிருந்தது. ஓரத்தில் சின்ன எழுத்தில், 'ஒன்பது கேள்வி விடையைப் பார்த்த பிறகு போட்டது. கணக்கில் சேராது.'

செக்கரம்மா அந்தத் தாளைக் கீழே வைக்கவில்லை. யாரும் பார்க்காத இடத்தில், யாரும் கேட்காத கணக்கில், தன்னிடமிருந்தே ஒன்பதைக் கழித்துக்கொள்கிறவள் கூட்டத்தில் உட்கார்ந்து அடுத்தவள் தாளை எட்டிப் பார்ப்பாளா?

அதுமட்டுமில்லை. அந்தத் திருத்தம் சிவப்புப் பென்சிலில் இருந்தது. டிப்போச் சிவப்பு. வேறு எந்தக் கடையிலும் அந்தச் சிவப்பு கிடைக்காது.

அவளுக்கு முகத்தில் சூடு ஏறியது. நெட்டை கோபப்பட்டது ஞாபகம் வந்தது. முகம் சிவந்து, குரல் கிழிந்து. பென்சிலை எடுக்காத மனுஷன்.

கட்டு முழுவதையும் பார்த்து முடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. ரொட்டிக்காரர் இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். கடைசியில் செக்கரம்மா ஒரு தாளை மட்டும் எடுத்துக்கொண்டு மூட்டை அருகில் போய் நின்றாள். மன்னிப்புக் கேட்கிற வழக்கம் அவளுக்குக் கிடையாது. அந்த ஊர்ப் பக்கமே அவள் பேருந்து போனதில்லை.

"இந்த ஏழாவது தாள்ல கழித்தல் தப்பு."

எறும்பு நிமிர்ந்தாள். "என்ன தப்பு?"

"ஏறினது எரநூறு, எறங்கினது அறுபத்தொண்ணு. நீ மீதி நூத்தி முப்பத்தெட்டுன்னு போட்டிருக்க. நூத்தி முப்பத்தொம்பது வரணும். ஒரு மார்க்க விட்டுட்ட."

"எல்லாத் தாளையும் எண்ணினியா?"

"எண்ணாம?"

எறும்பு தாளை வாங்கிப் பார்த்தாள். ஆமாம், நூற்று முப்பத்தொன்பது. அவள் பென்சில் பெட்டியைத் துழாவி, விரல் நீளத்துக்குத் தேய்ந்திருந்த சிவப்புப் பென்சிலை எடுத்து அம்மாவிடம் நீட்டினாள். செக்கரம்மா எண்ணைச் சுழித்துத் திருத்தினாள். பிறகு, சுவரில் தாளை வைத்து, செக்கர் கையெழுத்து என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டாள். அதோடு விட்டாளா? தட்டில் திரும்ப உட்கார்ந்து எல்லாத் தாளிலும் போட்டாள். நாற்பத்திரண்டு தாள்.

"இத வாரியத்துல காட்டினா நம்புவாங்களாம்மா?" என்றாள் எறும்பு.

"நம்ப மாட்டாங்க. நானா இருந்தாலும் நம்ப மாட்டேன். தாய் போட்ட கையெழுத்துக்கு என்ன மதிப்பு? நீ எழுதித்தான் காட்டணும்." தாள்களைக் கட்டிக்கொண்டே சொன்னாள்: "பென்சில எடுத்தா சொல்லிட்டு எடு. ஒரு மனுஷன்கிட்ட ரெண்டு மாசமா நான் பேசல."

திங்கட்கிழமை அவள் லீவு போட்டாள். வாரிய அலுவலகம் ஒரு நாலு மாடிக் கட்டடம். வாசலில் ஒரு காவலாளிப் பெண், கையில் பீப் பீப் என்று கத்துகிற ஒரு கருவி. எறும்பின் பையைக் கவிழ்த்துக் கொட்டினாள். பேனாவைத் திருகி உள்ளே இருக்கிற குழலை வெளியே இழுத்துப் பார்த்தாள். கைக்கடிகாரத்தைக் கழற்றச் சொன்னாள். முழுக்கைச் சட்டையை முழங்கை வரை சுருட்டச் சொன்னாள். கடைசியில் கொண்டையை அவிழ்க்கச் சொன்னாள். வரிசையில் நின்ற நாலு பேர் பார்த்துக்கொண்டிருக்க, எறும்பு ஹேர்பின்னை ஒவ்வொன்றாக உருவினாள்.

செக்கரம்மாவுக்கு உச்சந்தலையில் சுர்ரென்று ஏறியது.

"ஏம்மா, தலைக்குள்ள என்ன வச்சிருக்கப் போறா? என் பொண்ணப் பாத்தா திருடி மாதிரி தெரியுதா உனக்கு?"

காவலாளி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "தப்பு பண்ணலன்னா ஏம்மா கோவப்படுறீங்க? காட்டிட்டுப் போயிட்டே இருங்க."

அதே சொல். அதே இழுப்பு. சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன, சலிப்பான அதே குரல். எறும்பு அவிழ்ந்த தலையோடு அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். உதட்டோரத்தில் ஒரு நெளிவு தெரிந்தது. அது சிரிப்பா, அழுகையா என்று செக்கரம்மாவால் சொல்ல முடியவில்லை. கையையும் பார்த்தாள். அது ஹேர்பின்களை ஒழுங்காக அடுக்கிக்கொண்டிருந்தது.

நாலாவது மாடி நடையில் ஒரு பெஞ்சு. நாலு மணி நேரம் அதில் உட்கார்ந்திருந்தாள். கதவில் சின்னக் கண்ணாடி. எட்டிப் பார்க்கலாம். பார்க்கவில்லை. அடிக்கடி அதன் பக்கம் போய், சுவரில் ஒட்டியிருந்த தீயணைப்பு அறிவிப்பைப் படிப்பது மாதிரி நின்றுவிட்டு வந்தாள். தீ பிடித்தால் என்ன செய்ய வேண்டும் என்பது அவளுக்கு இன்றைக்கும் மனப்பாடம்.

எறும்பு வெளியே வந்ததும் அவள் நாக்கு நுனி வரை கேள்வி வந்துவிட்டது. எப்படி எழுதினே? எத்தனை விட்டே? அவள் கேட்டது வேறு.

"பசிக்குதா?"

"பசிக்குது."

ரொட்டிக்காரர் கட்டிக் கொடுத்த ரொட்டியைப் பேருந்து நிறுத்தத்தில் நின்றபடியே தின்றார்கள். வீடு வரைக்கும் பதினாலு நிறுத்தம். செக்கரம்மா ஒன்றும் கேட்கவில்லை. பதினாலு நிறுத்தமும் அவளுக்குப் பதினாலு வருடம்.

அடுத்த நாள் டிப்போவில் நெட்டையின் எதிரில் போய்த் தேய்ந்த சிவப்புப் பென்சிலைக் காட்டினாள்.

"கெடச்சுருச்சு. எம் பொண்ணு எடுத்திருக்கா."

நெட்டை அதைப் பார்த்தார். "நான்தான் அன்னைக்கே சொன்னேனே."

"சொன்னீங்க. ஆனா கோவமால்ல சொன்னீங்க."

"பின்ன சிரிச்சுக்கிட்டா சொல்லுவாங்க?"

அவள் பென்சிலைச் சட்டைப்பையில் செருகினாள். "சொல்ல மாட்டாங்கதான்," என்றாள். அன்றைக்கு ஆறாம் எண்ணில் ஒருவன் வழக்கம்போல் எகிறினான். அவள் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. அவன் தேடி முடிக்கட்டும் என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். டிக்கெட் இருந்தது. கடிகாரப் பட்டைக்குள் சொருகி வைத்திருந்தான், மறந்துபோனான். அவன் கோபத்தோடு நீட்டினான், அவள் கிழித்துக் கொடுத்தாள். மற்றபடி அவள் ஒன்றும் மாறிவிடவில்லை. அடுத்த இருக்கையில் தூங்கியவனைத் தட்டி எழுப்பியதில் அவனிடம் டிக்கெட் இல்லை.

வாரியத்திலிருந்து பதில் வர இருபத்தாறாம் தேதி ஆகிவிட்டது. விண்ணப்பத்துக்கு இரண்டு நாள்தான் பாக்கி. அந்த இரண்டு வாரமும் அந்த வீட்டில் யாரும் சாப்பாட்டில் உப்பு இருக்கிறதா என்று கவனிக்கவில்லை. இந்தத் தடவை கடிதம் தபாலில் வந்தது. எறும்பு உறையை அம்மாவிடம் நீட்டினாள்.

"நீயே பிரி."

"உன் பை. நீயே திற."

எறும்பு பிரித்தாள். வாசித்தாள். தந்தையின் தோளில் முகத்தைப் புதைத்தாள். ரொட்டிக்காரர் பயந்துபோய் மனைவியைப் பார்த்தார். செக்கரம்மா கடிதத்தை எடுத்தாள். மறுதேர்வில் நூற்று எழுபத்தொன்று. பழைய மதிப்பெண் நூற்று எழுபத்தெட்டு உறுதி செய்யப்படுகிறது. நிறுத்திவைப்பு நீக்கப்படுகிறது.

ரொட்டிக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கண்ணைச் சுற்றி மாவு அப்பிக்கொண்டது. செக்கரம்மா இன்னும் கடிதத்தை விடவில்லை.

"ஏழு கொறையுதே," என்றாள்.

"என்னம்மா?"

"நூத்தி எழுபத்தெட்டு எடுத்தவ எப்படி நூத்தி எழுபத்தொண்ணு எடுப்பா? ஏழு எங்க போச்சு? எவனோ எண்ணும்போது விட்டிருக்கான்."

"அம்மா, அதான் பழைய மார்க்கே நிக்குதுன்னு போட்டிருக்கே."

"நிக்கட்டும். அது அவங்க கருணை. நான் கேக்குறது உன் ஏழு."

எறும்பு சிரித்தாள். இரண்டு வாரத்துக்குப் பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது. ரொட்டிக்காரரும் சேர்ந்துகொண்டார். செக்கரம்மாவுக்கு மட்டும் அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று புரியவில்லை.

விண்ணப்பம் அடுத்த நாளே போனது. கல்லூரிப் பட்டியல் வெளியான அன்று மூன்று பேரும் போய் அறிவிப்புப் பலகை முன்னால் நின்றார்கள். எல்லாரும் மேலிருந்து படித்தார்கள். செக்கரம்மா அடியிலிருந்து படித்தாள். தில்லுமுல்லு எப்போதும் தாளின் அடியில்தான் நடக்கும் என்பது அவள் அனுபவம். தொண்ணூறு பேரில் எறும்பு எழுபத்து நாலாவது. கண்டுபிடித்த பிறகும் விடாமல் மேலே வரை போய், மகள் பெயர் ஒரே ஒரு தடவைதான் இருக்கிறது என்று உறுதி செய்துகொண்டுதான் கூட்டத்தை விட்டு வெளியே வந்தாள்.

எறும்பு இப்போது அந்தக் கல்லூரியில் இரண்டாவது வருடம் படிக்கிறாள். அந்த நாற்பத்திரண்டு தாளும் பரணில் இருக்கின்றன, மாவோடு. விடைத்தாளை மறுபடி எண்ணிப் பார்க்கச் சொல்லி செக்கரம்மா தேர்வு வாரியத்துக்கு மூன்று கடிதம் எழுதிவிட்டாள். மூன்றிலும் ஏழு என்ற எண்ணைச் சிவப்புப் பென்சிலில் சுழித்திருந்தாள். ஒன்றுக்கும் பதில் வரவில்லை. பதில் வராததே அவர்கள் எதையோ மறைக்கிறார்கள் என்பதற்குச் சாட்சி என்கிறாள். நாலாவது கடிதத்தை எழுதி வைத்துவிட்டு, இரண்டு நிறுத்தம் விட்டுப் பிடிக்கலாம் என்று காத்திருக்கிறாள்.